பார்சல் வேலைக்குப் போகிறேன் என்கிறான் மகன்: ஓர் அம்மாவுக்குப் பதில்

அன்புள்ள அம்மா,

பன்னிரண்டாம் வகுப்பு முடித்த கையோடு உங்கள் மகன் பார்சல் டெலிவரிக்குப் போகிறேன் என்று நிற்பதாகச் சொன்னீர்கள். மூன்று நாளாக வீட்டில் பேச்சுவார்த்தையே இல்லை என்றும் சொன்னீர்கள். உழைத்துச் சம்பாதிக்கிறேன் என்கிற பிள்ளையிடம் முகம் கொடுத்துப் பேசாமல் இருக்காதீர்கள். இன்றைக்கு ராத்திரி சோறு போடும்போதே பேசுங்கள்.

சம்பளம் எவ்வளவு என்பதைத்தான் எல்லாரும் முதலில் கேட்கிறார்கள். அதற்கு முன்னால் இதைக் கேளுங்கள்: "மாதச் சம்பளமாப்பா, இல்லை பார்சலுக்கு இவ்வளவு என்று தருவார்களா?" மாதச் சம்பளம் என்றால் பிஎஃப் (வருங்கால வைப்பு நிதி), இஎஸ்ஐ (தொழிலாளர் மருத்துவக் காப்பீடு) உண்டா என்று கேட்கச் சொல்லுங்கள். சம்பளம் 21,000 ரூபாய்க்குள் இருந்தால் இஎஸ்ஐ கிடைக்கும். அவன் சம்பளத்தில் பிடிப்பது 0.75 சதவீதம்தான். நிறுவனம் 3.25 சதவீதம் போடும். அவனை நம்பியிருக்கும் உங்களுக்கும் அதில் வைத்தியம் பார்க்கலாம்.

பார்சலுக்கு இவ்வளவு என்றால், அவன் வேலைக்குப் போகவில்லை, சிறு தொழில் தொடங்குகிறான் என்றுதான் அர்த்தம். வண்டி, பெட்ரோல், டயர், போன் எல்லாம் அவன் தலையில். ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். பார்சலுக்கு 15 ரூபாய், நாளைக்கு 60 பார்சல் என்று வையுங்கள். 900 ரூபாய். மாதம் 26 நாளுக்கு 23,400. நாளைக்கு 100 கிலோமீட்டர் ஓடினால், லிட்டருக்கு 45 கிலோமீட்டர் தரும் வண்டிக்குப் பெட்ரோலே சுமார் 225 ரூபாய். மாதத்துக்கு 5,850. சர்வீஸுக்கும் டயருக்கும் 2,000 எடுத்து வைக்கவேண்டும். வண்டித் தவணை 3,500. மிச்சம் கையில் நிற்பது 12,050. ஆள் எடுக்கிறவர்கள் சொல்வது 23,400 என்கிற எண்ணை மட்டும்தான். ஆளில்லாத வீட்டுக்குப் போய்த் திரும்பினால் பல இடங்களில் அந்தப் பார்சலுக்குக் காசும் கிடையாது. அதனால் சேர்ந்து மூன்று மாதம் ஆகும்வரை புது வண்டிக்குக் கடன் வாங்க விடாதீர்கள். வீட்டில் இருக்கிற வண்டியே போதும்.

இது மூளை வேண்டாத வேலை என்று நினைத்துவிடாதீர்கள். ஒரு நாள் காலை ஆறரை மணிக்கு ஒரு ஹப்பில், அதாவது பார்சல்களைப் பிரித்துக் கொடுக்கும் இடத்தில், போய் நின்றேன். புதிதாகச் சேர்ந்த பையன் ஸ்கேன் ஆன வரிசையிலேயே பையை நிரப்பினான். அனுபவசாலி ஒருவர் பார்சல்களைத் தரையில் தெருவாரியாகப் பரப்பினார். கடைசியாகப் போகும் வீட்டுப் பார்சல் பைக்கு அடியில் போயிற்று. மார்க்கரை எடுத்து ஒன்றில் 'பச்சை கேட்', இன்னொன்றில் 'மாடி, நாய்' என்று எழுதினார். கிளம்பும் முன்பே நாலைந்து வீட்டுக்குப் போன் போட்டு, "அக்கா, பதினோரு மணிக்கு வீட்ல இருப்பீங்களா?" என்று கேட்டுக்கொண்டார். மதியம் இரண்டு மணிக்கெல்லாம் அவர் பை காலி. புதுப்பையன் வேப்பமரத்தடியில் பையைக் கவிழ்த்துத் தேடிக்கொண்டிருந்தான். சேருவதற்கு முன் இப்படி ஒருவர் பின்னால் மூன்று நாள் போய்ப் பார்த்துவிட்டு வரச் சொல்லுங்கள்.

லைசென்ஸ் விஷயத்தில் அவசரப்படுத்துங்கள். எல்எல்ஆர் (பழகுநர் உரிமம்) எடுக்கும்போதே கியர் பைக்கோடு காருக்கும் சேர்த்துப் போடட்டும். 30 நாள் கழித்து டெஸ்ட்டுக்குப் போகலாம். எல்எல்ஆர் ஆறு மாதம் செல்லும். காருக்கும் ஏன் என்றால், அந்த எல்எம்வி (இலகு ரக வாகன) லைசென்ஸை வைத்தே லோடோடு மொத்த எடை 7,500 கிலோவுக்குள் வரும் சரக்கு வண்டியையும் ஓட்டலாம் என்று உச்ச நீதிமன்றம் 2024 நவம்பரில் தீர்ப்புச் சொல்லியிருக்கிறது. ஆனால் சரக்கு வண்டிக்கு 20 வயது நிறைந்திருக்கவேண்டும். ஆக, இந்த இரண்டு வருடம் அவன் பைக்கில் ஊரையும் தெருவையும் படித்துக்கொள்ளும் காலம். அடுத்தது குட்டி யானை என்கிற சின்னச் சரக்கு வண்டி. என் ஆசையும் அதுதான். வயதான காலத்திலும் பைக்கில் மூட்டை சுமக்க முதுகு இடம் கொடுக்காது.

இன்சூரன்ஸை நினைத்தால்தான் எனக்கு வயிறு கலங்குகிறது. என்னிடம் ஆலோசனைக்கு வந்த ஒரு பையன் மழைநாளில் வழுக்கி விழுந்து முழங்கால் உடைந்தான். சொந்த உபயோகத்துக்கு என்று எடுத்த பாலிசியை வைத்துக்கொண்டு கூலிக்கு ஓட்டினாய் என்று சொல்லி, வண்டிச் செலவைத் தர மறுத்துவிட்டார்கள். டெலிவரிக்கு ஓட்டப் போகிறேன் என்று முன்கூட்டியே சொல்லி, அது பாலிசியில் அடங்குமா என்று எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். தனிநபர் விபத்துக் காப்பீடும் வேண்டும். தமிழ்நாட்டு அரசு 2021-இல் தொடங்கிய 'இன்னுயிர் காப்போம் - நம்மைக் காக்கும் 48' திட்டத்தில், சாலை விபத்து நடந்து முதல் 48 மணி நேரச் சிகிச்சைக்கு, திட்டத்தில் உள்ள மருத்துவமனைகளில் காசு கட்டவேண்டாம். இதை அவன் நண்பர்களும் தெரிந்துவைத்திருக்கட்டும்.

ஒரிஜினல் சர்ட்டிபிகேட்டை எந்தக் கம்பெனியிலும் கொடுத்துவைக்க வேண்டாம். கையெழுத்துப் போட்ட வெற்றுச் செக்கும் கூடாது. பார்சலைக் கொடுக்கும்போது வாங்கும் சிஓடி பணத்தைத் தன் பர்ஸோடு கலக்காமல் தனிப் பையில் வைக்கட்டும். ராத்திரி ஹப்பில் கட்டியதும் ரசீது வாங்கட்டும். குறைந்தால் அவன் கணக்கில்தான் பிடிப்பார்கள். அமைப்புசாராத் தொழிலாளர்களுக்கான மத்திய அரசின் இ-ஷ்ரம் தளத்திலும், ஆப் வழியாக வேலை பார்க்கிறவர்களுக்காகத் தமிழ்நாட்டில் 2023-இல் அமைந்த கிக் தொழிலாளர் நல வாரியத்திலும் பதிவு செய்யச் சொல்லுங்கள்.

படிப்பு நின்றுவிடுமே என்று அழுதீர்கள். தமிழ்நாடு திறந்தநிலைப் பல்கலைக்கழகத்தில் வேலை பார்த்துக்கொண்டே பட்டம் படிக்கலாம். பத்தாம் வகுப்பில் நல்ல மார்க் என்றீர்களே, அஞ்சல் துறையின் கிராம அஞ்சல் ஊழியர் பணிக்கு அந்த மார்க்கை வைத்தே எடுக்கிறார்கள். தனித் தேர்வு கிடையாது. அறிவிப்பு வரும்போது விண்ணப்பித்துவிடட்டும்.

அனுபவசாலி பின்னால் போகும் அந்த மூன்று நாளும் எத்தனை கிலோமீட்டர், எத்தனை பார்சல், எத்தனை திரும்பி வந்தது என்று ஒரு நோட்டில் அவன் கைப்பட எழுதட்டும். வருகிற சனிக்கிழமை அவனை அழைத்துக்கொண்டு வாருங்கள், அந்த நோட்டோடு. மூன்று பேரும் உட்கார்ந்து கணக்குப் பார்ப்போம்.