வாசகர் கேள்வி பதில்: வீட்டு முற்றத்தில் என்.சி. பெயின்ட்

பழைய அம்பாசடர், பத்மினி, ஹெரால்டு கார் வைத்திருக்கும் வாசகர்கள், வீட்டிலேயே என்.சி. (நைட்ரோசெல்லுலோஸ்) பெயின்ட் அடிப்பது பற்றி அனுப்பிய கேள்விகளில் சில.

அம்பாசடர் மார்க் 2 வைத்திருக்கிறேன். 'டூக்கோ'தான் அடிக்க வேண்டும் என்கிறார்கள். கடையில் டூக்கோ கேட்டால் எனாமல் டப்பாவை எடுத்து வைக்கிறார்கள். இரண்டும் ஒன்றா? என் வண்டியில் இருப்பது எது? (பாளையங்கோட்டை)

ஒன்றல்ல. டூக்கோ என்பது அமெரிக்க டூபாண்ட் கம்பெனி நைட்ரோசெல்லுலோஸ் பெயின்ட்டுக்கு வைத்த பெயர். 1923-ல் ஓக்லேண்ட் கார்களுக்கு நீல நிறத்தில் அடித்தார்கள். வாரக்கணக்கில் காய்ந்துகொண்டிருந்த வார்னிஷ் காலம் அதோடு முடிந்தது. நம் ஊரில் கார் பெயின்ட் எல்லாவற்றுக்குமே அந்தப் பெயர் ஒட்டிக்கொண்டது. அதனால் கடையில் 'டூக்கோ' என்று சொல்லாமல் 'என்.சி. பெயின்ட், என்.சி. தின்னர்' என்று கேளுங்கள். டப்பாவில் நைட்ரோசெல்லுலோஸ் என்று இருக்கிறதா என்றும் பாருங்கள்.

வண்டியில் இருப்பதைக் கண்டுபிடிக்க, டிக்கிக்கு உள்பக்கம் கண்ணில் படாத ஒரு மூலையில் என்.சி. தின்னர் நனைத்த வெள்ளைத் துணியை அரை நிமிடம் அழுத்திப் பிடித்துத் துடையுங்கள். நிறம் கரைந்து துணியில் வந்தால் அது என்.சி. தோல் சுருங்கி எழும்பினால் சிந்தெடிக் எனாமல். ஒன்றுமே ஆகாவிட்டால், இறுகவைக்கும் ஹார்ட்னர் கலந்து அடிக்கும் 2கே பெயின்ட். எனாமல் என்றால் தகரம் தெரிகிறவரை சுரண்டியே ஆக வேண்டும். எனாமல் மேல் என்.சி. அடித்தால், அதிலுள்ள தின்னர் கீழே இறங்கி, அடியில் உள்ளதைச் சுருட்டி எழுப்பிவிடும்.

பானெட்டில் கறுப்பு அடித்தேன். ஐந்தே நிமிடத்தில் பால் ஊற்றினதுபோல் வெள்ளை பூத்துவிட்டது. பெயின்ட் கெட்டதா? (அம்பாசமுத்திரம்)

பெயின்ட்மேல் தப்பு இல்லை. நீங்கள் அடித்தது ஆனி மாதம் என்று எழுதியிருக்கிறீர்கள். மேற்கே சாரல் கட்டும்போது அம்பை, தென்காசிப் பக்கத்துக் காற்றில் ஈரம் மிகுதி. தின்னர் வேகமாக ஆவியாகும்போது தகரத்தின் மேற்பரப்பு குளிர்ந்துபோகிறது. குளிர்ந்த சொம்பின் வெளிப்புறம் வியர்ப்பதுபோல, ஈரம் பெயின்ட்டின்மேல் படிந்து உள்ளே சிக்கிக்கொள்கிறது. அந்த வெள்ளை அதுதான். விலை குறைந்த தின்னரில் இது இன்னும் சீக்கிரம் வரும்.

சுரண்ட வேண்டாம். வெயில் ஏறிய, காற்று வறண்ட ஒரு மதியம் பாருங்கள். என்.சி. தின்னரில் பத்துக்கு ஒரு பங்கு ரிடார்டர் (மெதுவாக ஆவியாகும் தின்னர்) கலந்து, பெயின்ட் சேர்க்காமல், பனித்தூவல்போல ஒரே ஒரு கை அடியுங்கள். மேல்தோல் மறுபடி கரைந்து, ஈரம் வெளியேறி, கறுப்பு திரும்பிவிடும். என்.சி.யின் பெரிய குணமே இதுதான். காய்ந்த பின்னும் தன் தின்னரில் கரையும் என்பதால், வீட்டில் அடிப்பவருக்கு அது திருத்த இடம் கொடுக்கிறது. 2கே அப்படிக் கொடுக்காது.

இனி அடிக்கும் முன் ஒரு பழைய தகரத் துண்டில் அடித்துப் பத்து நிமிடம் காத்திருங்கள். அது வெளுத்தால் அன்றைக்கு ஸ்பிரே கன்னைக் கழுவி வைத்துவிடுங்கள். நம் நெல்லைப் பக்கத்தில் தை கடைசியிலிருந்து பங்குனி வரை நல்ல காலம். காலைப் பனி காய்ந்து 10 மணிக்குத் தொடங்கி 3 மணிக்குள் முடிக்க வேண்டும். வெயில் நேரே விழும் இடமும் ஆகாது. பானெட்டில் உள்ளங்கையை வைத்து எடுக்க முடியாத சூட்டில் அடித்தால், தோல் உடனே மூடிக்கொண்டு அடியில் சிக்கிய தின்னர் ஊசித்துளையாக வெடிக்கும். கீற்றுப் பந்தல் போட்டால் அதன் அடியில் பழைய வேட்டியைக் கட்டுங்கள். இல்லாவிட்டால் கீற்றுத்தூள் பெயின்ட்டில் விழும்.

ஒரு குதிரைச் சக்தி கம்ப்ரசர் போதுமா? எவ்வளவு பெயின்ட் வாங்க வேண்டும்? எத்தனை கோட்டு? (வள்ளியூர்)

போதும், ஆனால் முழு வண்டியையும் ஒரே மூச்சில் அடிக்க முடியாது. கன் குடிக்கும் காற்றை அந்தக் கம்ப்ரசர் நிரப்பாது. ஒரு கதவு, ஒரு மட்கார்டு என்று பிரித்து அடித்து, நடுவில் டாங்க் நிரம்பவிடுங்கள். காலையில் முதல் வேலையாக டாங்கின் அடித்திருகைத் திறந்து தண்ணீரை வடித்துவிட வேண்டும். கன்னுக்கு முன்னால் ஈரம் பிடிக்கும் வடிகட்டியும் அவசியம்.

அம்பாசடரின் வெளிப்புறத்துக்கு 4 முதல் 5 லிட்டர் பெயின்ட் வேண்டும். தின்னர் அதைப்போல் ஒன்றரை மடங்கு, கழுவத் தனியாக 2 லிட்டர். டப்பாக்கள் எல்லாவற்றையும் ஒரே வாளியில் ஊற்றிக் கலக்கிவிட்டு எடுங்கள். அப்போதுதான் கதவுக்குக் கதவு நிறம் மாறாது.

கலவை ஒன்றுக்கு ஒன்று, கடைசிக் கோட்டுக்கு ஒன்றுக்கு ஒன்றரை. நாசில் 1.4 மில்லிமீட்டர், கன்னில் காற்றழுத்தம் 40 முதல் 45 பி.எஸ்.ஐ. தகரத்துக்கும் கன்னுக்கும் ஒரு சாணுக்குச் சற்றுக் குறைவு, அதாவது 7, 8 அங்குலம். மணிக்கட்டை வளைக்காமல் முழுக் கையும் நகர வேண்டும். ஒவ்வொரு வீச்சும் முந்தினதில் பாதியை மூட வேண்டும். தூர நின்று அடித்தால் பெயின்ட் காற்றிலேயே காய்ந்து, மாவு தூவினதுபோல் சொரசொரப்பாக விழும். கிட்டப் போனால் வழியும்.

முதல் நாள் மூன்று கோட்டு, ஒவ்வொன்றுக்கும் இடையே 15 நிமிடம். மறுநாள் 800 வாட்டர் பேப்பரில் லேசாகத் தேய்த்து, நன்றாகக் காயவிட்டு இன்னும் மூன்று. அதற்குமேல் ஏற்ற வேண்டாம். தடிமன் கூடக்கூட வெயிலில் வெடிப்பு விழும். பளபளப்பு வரவில்லையே என்று மனம் கலங்காதீர்கள், என்.சி.க்குப் பளபளப்பு கன்னிலிருந்து வராது. இரண்டு வாரம் கழித்து 1200, 1500, 2000 என்று தண்ணீரில் தேய்த்து, பிறகு காம்பவுண்ட் (பாலிஷ் பசை) போட்டுக் கையால் தேய்த்தால்தான் அந்த ஆழமான மினுமினுப்பு வரும். விளிம்புகளில் டேப் ஒட்டிக்கொள்ளுங்கள், தேய்க்கும்போது அங்கேதான் முதலில் அடிப்பூச்சான பிரைமர் தெரியும்.

என்.சி. பட்டி வைத்து நெளிவை நிரப்பினேன். மூன்று மாதத்தில் அந்த இடம் குழி விழுந்து தெரிகிறது. (முக்கூடல்)

என்.சி. பட்டி ஊசித்துளைக்கும் பேப்பர் கீறலுக்கும் மட்டும். அதுவும் தின்னர் ஆவியாகித்தான் இறுகும். கனமாக வைத்தால் மேலே காய்ந்து உள்ளே பச்சையாக இருக்கும், பிறகு மெல்ல வற்றி இறங்கும். நெளிவை முதலில் டிங்கரிங்கில் எடுத்து, மீதியை ஹார்ட்னர் கலக்கும் பட்டியால் நிரப்புங்கள்.

பெயின்ட் அடித்து ஆறு மாதம். கதவின் கீழ்ப்பாதியில் சின்னச் சின்னக் கொப்புளங்கள். துரு இல்லை, நானே தேய்த்தேன். (திசையன்விளை)

எந்தத் தண்ணீரில் தேய்த்தீர்கள்? போர்வெல் தண்ணீர் என்றால் காரணம் அதுதான். வாட்டர் பேப்பர் போட்ட தண்ணீர் காயும்போது உப்பைப் பிரைமர்மேல் விட்டுப்போகிறது. மேலே பெயின்ட் மூடியபின் அந்த உப்பு காற்றின் ஈரத்தை இழுத்துக் கொப்புளமாக எழும்புகிறது. கடைசித் தேய்ப்புக்கும் கழுவுவதற்கும் தாமிரபரணிக் குழாய்த் தண்ணீரோ மழைத்தண்ணீரோ எடுங்கள். காய்ந்தபின் வெள்ளைப் புள்ளி தெரிந்தால் மறுபடி கழுவுங்கள். மண்ணெண்ணெயில் துடைக்காதீர்கள். அதன் எண்ணெய்ப் பசை போகாது, பெயின்ட் அங்கங்கே மீன்கண்போல் விலகும்.

என்.சி. மேலே 2கே கிளியர் (நிறமில்லாத மேல்பூச்சு) அடித்தால் பளபளப்பு நிற்குமா? (சங்கரன்கோவில்)

அடிக்காதீர்கள். அடியில் இளகும் தோல், மேலே இறுகிய தோல் என்றால் வெடிக்கும். 2கே ஹார்ட்னரில் உள்ள ஐசோசயனேட் என்ற ரசாயனம் மூச்சுக்குழலைக் கெடுத்து ஆஸ்துமா கொண்டுவரும். வீட்டு முற்றத்துக்கு அது ஆகவே ஆகாது.

அடிக்கும்போது நெருப்புப் பயம் உண்டா? (மேலப்பாளையம்)

நிச்சயம் உண்டு. தின்னர் ஆவி காற்றைவிடக் கனமானது, தரையோடு ஊர்ந்து அடுப்படிக்கும் பூஜை விளக்குக்கும் போய்விடும். வீட்டுக் கதவுகளை மூடுங்கள், அடுப்பை அணையுங்கள், வண்டியின் பேட்டரி வயரைக் கழற்றுங்கள். கம்ப்ரசரைக் காற்று வரும் திசையில் நீளக் குழாய் போட்டுத் தள்ளி வையுங்கள். துணி முகமூடி எதற்கும் உதவாது. கரி நிரப்பிய இரட்டைக் கேட்ரிட்ஜ் மாஸ்க் வேண்டும், வாடை உள்ளே வந்தால் கேட்ரிட்ஜை மாற்றுங்கள்.

பலரும் கவனிக்காமல் விடுவது காய்ந்த தூளையும் பெயின்ட் துடைத்த துணியையும். நைட்ரோசெல்லுலோஸுக்குள்ளேயே ஆக்சிஜன் இருப்பதால், மண்ணைப் போட்டு மூடினாலும் உள்ளே எரியும். தூள், துணி, கன் வடித்த காகிதம் எல்லாவற்றையும் தண்ணீர் நிறைந்த தகர வாளியில் முக்கி, மூடி, வீட்டுக்கு வெளியே வையுங்கள். சுருட்டி ஷெட் மூலையில் போட்டுவிட்டு இரவு தூங்கப் போகாதீர்கள்.