பிளைவூட் அலுமாரிக்குக் கிளியர் வார்னிஷ்: வாசகர் கேள்வி பதில்

கேள்வி: சமையலறைக்கென்று 18 மில்லிமீற்றர் பிளைவூட் இரண்டு முழுப் பலகை வாங்கி, வீட்டிலேயே அலுமாரி செய்து முடித்துவிட்டோம். மரத்தின் ரேகை தெரிய வேண்டும், தண்ணீர், எண்ணெய் பட்டாலும் தாங்க வேண்டும். எதைப் பூசுவது, எவ்வளவு வேண்டும்?
- வாசகர், வட்டக்கச்சி

பதில்: பிறஷ்ஷால் பூசுவதென்றால் ஒயில் பேஸ் பொலியூரித்தேன் வார்னிஷ் வாங்குங்கள். கொஞ்சம் மஞ்சள் ஓடும், ஆனால் சமையலறைக்கு அதன் உறுதி வேண்டும். வோட்டர் பேஸ் வார்னிஷ் மஞ்சளாகாது, மணமும் குறைவு. ஆனால் நம் வெயிலில் பிறஷ் திரும்புமுன் இழுபடத் தொடங்கிவிடும். அதைத்தான் பூசுவீர்கள் என்றால் விடியற்காலையில் பூசுங்கள்.

8க்கு 4 அடிப் பலகையின் ஒரு பக்கம் ஏறக்குறைய 3 சதுர மீற்றர். இரண்டு பலகை, இரு பக்கமும் சேர்த்து 12. ஒரு லீற்றர் ஒரு தடவைக்கு 10 முதல் 12 சதுர மீற்றர் வரை பிடிக்கும். மூன்று கோட்டும் ஓரங்களும் சேர்ந்தால் 4 லீற்றர் வாங்கி வைப்பது சரி.

பிணைச்சல், கைபிடி எல்லாவற்றையும் கழற்றிவிட்டு 150 இலக்கச் சாண்ட் பேப்பர், பிறகு 220 என்று கட்டையில் சுற்றி, நார் ஓடும் வாக்கிலேயே தேயுங்கள். பிளைவூட்டின் மேல்தோல் பெரும்பாலும் அரை மில்லிமீற்றர்கூட இராது. மூலைகளில் அழுத்தினால் தோல் போய் அடியிலுள்ள அடுக்கு தெரியும், அதைத் திருத்த வழியில்லை. தேய்த்த பின் டேர்பன்டைன் நனைத்த துணியால் ஒருமுறை துடையுங்கள். பசை வழிந்த இடங்கள் வெளிறித் தெரியும். அவற்றை இப்போதே சுரண்டி எடுக்காவிட்டால் வார்னிஷுக்குக் கீழே அந்தத் தழும்பு அப்படியே நிற்கும்.

இனி ஓரங்கள். பிளைவூட் அலுமாரி பழுதாவது முகத்தில் அல்ல, ஓரத்தில். வெட்டிய ஓரத்தில் நாரின் வாய் திறந்திருக்கும். வார்னிஷையும் குடிக்கும், பிறகு தண்ணீரையும் குடிக்கும். ஓரங்களை 320 வரை தேய்த்து, நான்கு பங்கு வார்னிஷுக்கு ஒரு பங்கு டேர்பன்டைன் கலந்து, முகத்தில் கை வைக்குமுன் இரண்டு தடவை ஊட்டிவிடுங்கள். சீமெந்து நிலத்தில் நிற்கும் அடி ஓரம் மிக முக்கியம். நிலம் கழுவும்போதெல்லாம் அதுதான் நனையும். பூச்சை மட்டும் நம்பாமல் மூன்று அங்குலக் கால் வைத்து உயர்த்துங்கள். சாதாரண பிளைவூட்டை எந்த வார்னிஷும் தண்ணீர் தாங்கும் மரைன் பிளைவூட் ஆக்காது.

முதல் கோட்டுக்கு லீற்றருக்கு 100 மில்லிலீற்றர் டேர்பன்டைன் கலக்கலாம், அடுத்தவற்றுக்குக் கலக்க வேண்டாம். டின்னைக் குலுக்காதீர்கள், குமிழி வரும். தடியால் அடிவரை மெதுவாகக் கிண்டுங்கள். மற் வார்னிஷ் என்றால் மினுக்கைக் குறைக்கும் பொடி அடியில் படிந்திருக்கும், கிண்டாவிட்டால் திட்டுத் திட்டாக மினுங்கும். கோட்டுக்குக் கோட் 24 மணித்தியாலம் விடுங்கள். காய்ந்ததா என்பதை 320 பேப்பரே சொல்லும்: வெள்ளைத் தூள் பறந்தால் அடுத்த கோட் பூசலாம், தாளில் பிசுபிசுவென்று உருண்டு ஒட்டினால் இன்னொரு நாள் பொறுக்க வேண்டும். கதவுகளின் இரு பக்கமும் ஒரே எண்ணிக்கையில் பூசுங்கள். ஒரு பக்கம் மட்டும் பூசிய கதவு வளையும்.

வன்னியில் இதற்கு வாய்ப்பான காலம் மாசி, பங்குனி. சோளகம் எழும்பிவிட்டால் கிரவல் வீதிப் புழுதி முழுவதும் ஈரப் பூச்சில்தான் வந்து குந்தும். அப்போது பூசத்தான் வேண்டும் என்றால் காற்று வரும் பக்க யன்னலை மூடி, மறுபக்கத்தைத் திறந்து, நிலத்தில் தண்ணீர் தெளித்துவிட்டுப் பூசுங்கள்.

தொட்டால் காய்ந்ததுபோல இருக்கும், ஆனால் முழுதாக இறுக ஏறக்குறைய ஒரு மாதம் ஆகும். அதுவரை கதவுகளைத் திறந்தே விடுங்கள், மணம் போகட்டும். அரிசியும் மாவும் அதன் பிறகு.

ஓர் எச்சரிக்கை: வார்னிஷ் துடைத்த துணிகளைக் கசக்கி மூலையில் குவிக்காதீர்கள். எண்ணெய் காயும்போது சூடு பிறக்கும், குவியலில் அது வெளியேற வழியின்றித் தானே தீப்பற்றும். வெளியே விரித்துக் காயவிடுங்கள், அல்லது தண்ணீர் வாளியில் அமிழ்த்துங்கள்.

கேள்வி: மார்கழி மழை நாளில் என்.சி. லாக்கர் (தின்னர் கலந்து அடிக்கும், விரைவில் காயும் பூச்சு) அடித்தோம். காய்ந்ததும் புகை படிந்ததுபோல வெளுத்துவிட்டது. எல்லாவற்றையும் சுரண்ட வேண்டுமா?
- வாசகி, முல்லைத்தீவு

பதில்: வேண்டாம். தின்னர் வேகமாக ஆவியாகும்போது பலகையின் மேற்பரப்பு குளிர்கிறது. மழைக்காற்றின் ஈரம் அதில் படிந்து பூச்சுக்குள் சிக்கியதால்தான் இந்த வெண்மை. வெயில் நாளொன்றில், மெதுவாக ஆவியாகும் ரிட்டார்டர் தின்னரை ஸ்பிறேயால் பனிபோல மெல்லியதாக அடியுங்கள். பூச்சு இளகி ஈரத்தை விடும், பெரும்பாலும் தெளிந்துவிடும். தெளியாத இடத்தை மட்டும் தேய்த்துத் திரும்ப அடித்தால் போதும்.

கேள்வி: மரத்தின் நுண்துளைகளை அடைக்கும் அடிப்பூச்சான சாண்டிங் சீலர் அடித்து, மேலே பொலியூரித்தேன் பூசினோம். நகம் பட்டாலே உரிகிறது.
- வாசகர், மாங்குளம்

பதில்: லேசாகத் தேய்பட வேண்டும் என்பதற்காகப் பல சாண்டிங் சீலர்களில் சோப்புப் போன்ற ஸ்டியரேற் சேர்ப்பார்கள். அதன்மேல் பொலியூரித்தேன் சரியாகப் பிடிக்காது. உரியும் பூச்சையும் சீலரையும் மரம் வரை எடுத்துவிடுங்கள். பொலியூரித்தேனுக்குத் தனியாகச் சீலர் தேவையில்லை, ஐதாக்கிய முதல் கோட்டே அந்த வேலையைச் செய்யும்.

கேள்வி: வார்னிஷ் பூசினால் கறையான் வராதுதானே?
- வாசகர், நெடுங்கேணி

பதில்: வரும். கறையானுக்குரிய மருந்தை வெறும் பலகைக்கு முதலில் அடித்து, நன்றாகக் காய்ந்த பிறகே வார்னிஷ் பூசுங்கள். அலுமாரியைச் சுவரிலிருந்து இரண்டு விரல் தள்ளி வைத்தால், மண்புற்று ஏறும்போதே கண்ணில் படும்.