சேவலின் விந்தணு ஓட்டம் கூட என்ன டானிக் கொடுக்கலாம்? முட்டையில் பாதி கூமுட்டையாகப் போகிறது

டானிக் இருக்கட்டும், முதலில் அடைக்கு வைக்காத புது முட்டை நாலு எடுத்துத் தட்டில் உடைத்து ஊற்றுங்கள். மஞ்சள் கரு மேல் ஒரு வெள்ளைப் புள்ளி தெரியும். அது சின்னதாக, அடர்த்தியாக, ஓரம் பிசிறு பிசிறாக இருந்தால் கரு கூடவில்லை. கொஞ்சம் பெரிதாக, மெதுவடை மாதிரி நடுவில் வெளிறி வட்டமாக இருந்தால் கூடிவிட்டது. வட்டம் இருந்தும் ஏழாம் நாள் டார்ச் அடிக்கும்போது வெறுமையாகத் தெரிந்தால், கரு உள்ளே செத்திருக்கிறது. அது பெரும்பாலும் முட்டையை எடுத்து வைத்த விதத்திலோ இன்குபேட்டரிலோ உள்ள கோளாறு. பழி மட்டும் சேவல் தலையில்.

கரு கூடாத சின்னப் புள்ளிதான் என்றால் மேலே படியுங்கள்.

எனக்கு வாழப்பாடிப் பக்கம் அறுபது பெட்டை. சேவல்கள் பெருவிடை என்ற நாட்டு ரகம், கனம் ஜாஸ்தி, சரியாக ஏறாது. அதனால் விந்து எடுத்து நாங்களே செலுத்துகிறோம். ஒரு ஆள் பிடித்துக்கொள்ள, இன்னொருவர் முதுகிலிருந்து வால் பக்கமாக நாலைந்து தடவை நீவி, வாலடியில் இரண்டு விரலால் அழுத்தினால் கெட்டிப்பால் மாதிரி கால் மில்லி, அரை மில்லி வரும். மஞ்சளாகவோ எச்சம் கலந்தோ வந்தால் கொட்டிவிடுவோம்.

முதல் வருஷம் நான் செய்த கூத்து இது. கோழி உடம்புச் சூடு 41 டிகிரி ஆயிற்றே, விந்து ஆறினால் செத்துவிடும் என்று குப்பியைச் சட்டைப் பைக்குள் வைத்துக்கொண்டு ஒவ்வொரு பெட்டையாகப் போட்டேன். கடைசிப் பெட்டைக்கு வருவதற்குள் ஒன்றரை மணி நேரம். அந்த ஈட்டில் பாதிக்கு மேல் கூமுட்டை.

தெரிந்த கால்நடை மருத்துவர் ஒருவர் நுண்ணோக்கியில் காட்டினார். உப்புக் கரைசலில் கலந்த சொட்டு, கண்ணாடித் துண்டில் எறும்புக் கூட்டம் மாதிரி கொதித்துக்கொண்டிருந்தது. அடியில் 41 டிகிரி சூடு வைத்தார். கொஞ்ச நேரத்தில் அத்தனையும் நின்றுவிட்டது. செத்துப்போச்சா சார் என்றேன். சிரித்துக்கொண்டே சூட்டை அணைத்தார். ஆற ஆற, மறுபடி வாலாட்ட ஆரம்பித்தன! வெறும் உப்புக் கரைசலில், உடம்புச் சூட்டில் சேவல் விந்தணு இப்படி உறைந்து நிற்குமாம். சுண்ணாம்புச் சத்தோ பைகார்பனேட்டோ சேர்த்தால் அதே சூட்டிலும் ஓடுமாம்.

அப்புறம் அவர் சொன்னதுதான் உங்கள் கேள்விக்கு நேரான பதில். விந்தணுவின் நடுப்பகுதியில் முப்பது போல மைட்டோகாண்ட்ரியா இருக்கிறது, அதுதான் இன்ஜின். ஒரு மில்லியில் 300 கோடிக்கு மேல் அணுக்கள் நெருக்கியடித்துக் கிடப்பதால் குப்பியில் ஆக்சிஜன் சீக்கிரம் தீர்ந்துவிடும். பிறகு சர்க்கரையை எரித்துத்தான் ஓட வேண்டும். காளை விந்தில் ஃபிரக்டோஸ் உண்டு, சேவல் விந்தில் சர்க்கரை ஏறக்குறைய இல்லவே இல்லை. அதனால்தான் கோழிக்கென்று விற்கும் விந்துக் கரைசலில் குளுக்கோஸோ ஃபிரக்டோஸோ, கூடவே குளுட்டமேட்டும் சேர்க்கிறார்கள். கரைசல் இல்லையென்றால் அரை மணிக்குள் போட்டு முடியுங்கள். குப்பியில் கழுவின தண்ணீர் ஒரு சொட்டு நின்றாலும் அணு ஊதிச் செத்துவிடும். மாலை மூன்று மணிக்கு மேல், பெட்டை முட்டையிட்டு முடித்த பிறகு 0.05 மில்லி போதும். ஆறேழு நாளைக்கு ஒரு தடவை. பெட்டை தன் உடம்புக்குள்ளேயே சேர்த்து வைத்துக்கொள்ளும்.

தீவனத்தில் என் அனுபவம்: முட்டைக்கோழித் தீவனத்தைச் சேவலுக்குப் போடாதீர்கள், அதில் அதற்குத் தேவையில்லாத அளவு சுண்ணாம்பு. தனியாகக் கட்டிவைத்து, கொழுக்க விடாமல் அளவாகப் போடுங்கள். பூசணம் பிடித்த மக்காச்சோளம் வேண்டவே வேண்டாம். விந்தணுச் சவ்வில் பழைய எண்ணெய் மாதிரி எளிதில் கெட்டுப்போகும் கொழுப்பு அதிகம், அதைக் காப்பது வைட்டமின் ஈ-யும் செலினியமும். இந்த இரண்டுக்கும் காசு செலவழிக்கலாம். ஆனால் செலினியம் கொஞ்சம் கூடினாலும் விஷம், பாக்கெட்டில் போட்ட அளவைத் தாண்டாதீர்கள். எது கொடுத்தாலும் புது விந்தணு உருவாகி வர ஏறக்குறைய இரண்டு வாரம் ஆகும். நாலாம் நாளே பலன் என்று சொல்கிறவரிடம் வாங்காதீர்கள்.

மிச்சமிருப்பது வெயில். ஆட்டுக்கடா மாதிரி சேவலுக்கு விதை வெளியே தொங்குவதில்லை, வயிற்றுக்குள் சிறுநீரகத்தை ஒட்டி இருக்கிறது. சித்திரை வெயிலில் சேலத்தில் 40 டிகிரி அடிக்கும்போது வாயைப் பிளந்து மூச்சிரைக்கும் சேவலுக்குத் தீனியும் இறங்காது, விந்தும் தண்ணியாகிவிடும். கூரைமேல் தென்னங்கீற்றும் மதியம் பானைத் தண்ணீரும் செய்ததை எந்த டானிக்கும் எனக்குச் செய்யவில்லை.

ஏற்காட்டில் மச்சான் காப்பித் தோட்டத்தில் வேலை பார்க்கிறார். 1,500 மீட்டர் உயரம், மே மாதமும் போர்வை வேண்டும். மூன்று வருஷமாகப் பங்குனியிலேயே நல்ல சேவல் இரண்டைக் கூடையில் போட்டு இருபது கொண்டை ஊசி வளைவும் ஏற்றிவிடுகிறேன். ஆனியில் இறக்கி வந்து போட்டால் அந்த ஈட்டில் கூமுட்டை குறைவு. போன தடவை ஒன்றுதான் திரும்பி வந்தது. இன்னொன்றைக் கீரி பிடித்துவிட்டது என்கிறார் மச்சான். தங்கச்சி முகத்தைப் பார்த்தால் குழம்பாகியிருக்கும் என்றுதான் தோன்றுகிறது.