சீட்டாட்ட வழக்கு: ஒப்புக்கொண்டு அபராதம் கட்டலாமா?

கேள்வி: தீபாவளி அன்று என் மகன் (வயது 23) நண்பன் வீட்டு மொட்டை மாடியில் ஐந்து பேருடன் பணம் வைத்து ரம்மி ஆடினான். போலீஸ் வந்து 4,300 ரூபாயையும் ஆறு செல்போன்களையும் எடுத்துக்கொண்டு, ஸ்டேஷன் ஜாமீனில் விட்டார்கள். இப்போது சம்மன் வந்திருக்கிறது. "குற்றத்தை ஒப்புக்கொண்டு ஃபைன் கட்டினால் ஒரே நாளில் முடிந்துவிடும். செலவு எட்டாயிரம்" என்று கோர்ட் வாசலில் ஒருவர் சொல்கிறார். மகன் போலீஸ் தேர்வுக்குப் படிக்கிறான். கட்டிவிடலாமா? (வாசகி, திண்டுக்கல் மாவட்டம்)

பதில்: கட்டாதீர்கள் அம்மா. அந்த நபரிடம் ஒரு ரூபாயும் கொடுக்காதீர்கள்.

ஹெல்மெட் போடாததற்குக் கட்டும் அபராதம் போல இதையும் நினைக்க வைத்துவிடுகிறார்கள். மாஜிஸ்திரேட் முன் நின்று "ஆமாம், செய்தேன்" என்று மகன் சொன்னால், பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்துக்குப் பதிலாக வந்த பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் (பிஎன்எஸ்எஸ்) 275-ஆம் பிரிவின் கீழ் அவரைக் குற்றவாளி என்று தீர்மானித்துத்தான் அபராதம் விதிக்கப்படுகிறது. தொகை முந்நூறு ரூபாயாக இருந்தாலும் அது தண்டனைத் தீர்ப்பு. ஒப்புக்கொண்டு பெற்ற தீர்ப்பின் மேல் அப்பீல் செய்யவும் முடியாது. தண்டனை அதிகம், சட்டப்படி செல்லாது என்று மட்டும்தான் கேட்க முடியும். பிடிபட்ட பணமும் போய்விடும். வாசலில் நிற்கும் புரோக்கர் இதில் ஒன்றையும் சொல்ல மாட்டார்.

முதலில் எஃப்.ஐ.ஆர். நகலை எடுங்கள். தமிழ்நாடு காவல்துறையின் இணையதளத்தில் கிடைக்கும். குற்றப்பத்திரிகை, சாட்சி வாக்குமூலம், மகஜர் (சோதனையில் கைப்பற்றியதைப் போலீஸ் எழுதும் பட்டியல்) நகல்களை பிஎன்எஸ்எஸ் 230-ஆம் பிரிவின்படி நீதிமன்றமே இலவசமாகத் தர வேண்டும். கையில் வந்ததும் மூன்று விஷயங்களைப் பாருங்கள்: எந்த இடம், எந்த ஆட்டம், எந்தப் பிரிவு.

சென்னைக்கு 1888-ஆம் ஆண்டின் நகரக் காவல் சட்டம் இருக்கிறது. உங்கள் ஊருக்கு 1930-ஆம் ஆண்டின் தமிழ்நாடு சூதாட்டச் சட்டம். அதில் 8-ஆம் பிரிவு சூதாட்ட விடுதி நடத்துபவருக்கு, 9-ஆம் பிரிவு அங்கே ஆடியவருக்கு, 12-ஆம் பிரிவு தெருவிலும் பொது இடத்திலும் ஆடியவருக்கு. மாடியில் பிடித்துவிட்டு "ஊருக்கு வெளியே முள்காட்டில்" என்று எழுதியிருக்கிறார்களா என்று கவனியுங்கள். விடுதி என்று சொல்லிச் சோதனை போட மாஜிஸ்திரேட்டோ, அதிகாரம் உள்ள காவல் உயரதிகாரியோ வாரண்ட் தந்திருக்க வேண்டும். பொது இடம் என்று எழுதிவிட்டால் அந்த வேலை மிச்சம். இந்தக் குறுக்குவழியால் எத்தனை இளைஞர்களின் பெயர் கெட்டிருக்கிறது என்று யாரும் கணக்குப் பார்ப்பதில்லை. ஒரே வரி மாற்றி எழுதினால் ஒரு பையனின் வேலை போகிறது.

வாரண்ட் எண்ணும் தேதியும் மகஜரில் இருக்கிறதா என்றும் பாருங்கள். முறைப்படி வாரண்டுடன் நடந்த சோதனையில் சீட்டுக்கட்டு கிடைத்தால்தான் "இது சூதாட்ட விடுதி" என்று 6-ஆம் பிரிவு முன்கூட்டியே அனுமானிக்கும். வாரண்ட் இல்லையென்றால் அந்த அனுமானம் கிடையாது. எல்லாவற்றையும் அரசுத் தரப்பே நிரூபிக்க வேண்டும். சோதனையையும் கைப்பற்றுதலையும் வீடியோ எடுக்க வேண்டும் என்று பிஎன்எஸ்எஸ் 105 சொல்கிறது. அந்தப் பதிவையும் கேளுங்கள்.

அடுத்து, பலரும் தவறாகவே புரிந்துகொண்டிருக்கும் விஷயம். பணம் வைத்து ஆடினாலே எந்த வீடும் சூதாட்ட விடுதி ஆகிவிடாது. இடத்தையோ சீட்டையோ கொடுத்தவர் அதில் ஆதாயம் பார்த்திருக்க வேண்டும். ஆட்டத்துக்கு இவ்வளவு என்று கமிஷன், ஆளுக்கு இவ்வளவு என்று வாடகை, ஜெயித்தவரிடம் பங்கு என ஏதாவது ஒன்று வேண்டும். உங்கள் மகனின் நண்பன் வீட்டார் அப்படி எதுவும் வாங்கவில்லை என்றால் 8-உம் 9-உம் நிற்காது. குற்றப்பத்திரிகையைத் தேடிப் பாருங்கள். யார், யாரிடம், எவ்வளவு கமிஷன் எடுத்தார் என்று ஒரு சாட்சியாவது சொல்லியிருக்கிறாரா?

ரம்மி பற்றித் தனியே சொல்ல வேண்டும். திறமை மட்டுமே சார்ந்த ஆட்டங்களை சூதாட்டச் சட்டத்தின் 11-ஆம் பிரிவு விலக்கி வைக்கிறது. விழுந்த சீட்டுகளை நினைவில் வைப்பதும், எதை வைத்துக்கொள்வது, எதைப் போடுவது என்று முடிவெடுப்பதும் திறமை என்பதால் ரம்மி முதன்மையாகத் திறமை ஆட்டம் என்று 1967-இல் சத்யநாராயணா வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னது. மூணு சீட்டு அப்படியல்ல, அதிர்ஷ்டம்தான் என்றும் அதே தீர்ப்பு சொன்னது. கூடவே, ரம்மியில் இடத்துக்காரர் லாபம் பார்த்தால் குற்றம் வரும் என்றும் சொன்னது. இந்தக் கடைசி வரியை மறந்துவிட்டு "ரம்மிதானே" என்று தைரியமாக இருப்பவர்கள் மாட்டுகிறார்கள். எஃப்.ஐ.ஆரில் உங்கள் மகன் ஆடிய ரம்மி, அதிர்ஷ்ட ஆட்டமான "வெட்டுச்சீட்டு" ஆகியிருக்கலாம். அப்படியிருந்தால் எத்தனை கட்டு கைப்பற்றினார்கள், ஒவ்வொருவர் கையிலும் எத்தனை சீட்டு இருந்தது என்று மகஜரில் பாருங்கள். பதின்மூன்று சீட்டு வைத்துக்கொண்டு யாரும் வெட்டுச்சீட்டு ஆடுவதில்லை. ஆனால் 12-ஆம் பிரிவு போட்டிருந்தால் இந்தத் திறமை வாதத்தையே நம்பியிருக்காதீர்கள். அங்கே இடம் தவறு என்பதைத்தான் காட்ட வேண்டும்.

இதையெல்லாம் ஆன்லைன் ரம்மிக்குப் பொருத்திப் பார்க்காதீர்கள். தமிழ்நாட்டின் 2022 சட்டத்தில் ஆன்லைன் சூதாட்டம் ஆடுபவருக்கே 3 மாதம் வரை சிறை, அல்லது 5,000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். ரம்மியையும் போக்கரையும் அந்தப் பட்டியலில் சேர்த்ததை 2023-இல் உயர் நீதிமன்றம் ரத்து செய்தது. ஆனால் 2025 ஆகஸ்டில் நாடாளுமன்றம் நிறைவேற்றிய சட்டம், திறமையோ அதிர்ஷ்டமோ, பணம் கட்டி ஆடும் ஆன்லைன் ஆட்டம் எதையும் நடத்தக் கூடாது என்கிறது.

சம்மன் தேதியில் மகன் வக்கீலுடன் நேரில் போகட்டும். போகாமல் விட்டால் பிடிவாரண்ட் வரும். குற்றச்சாட்டு ஆதாரமற்றது என்று மாஜிஸ்திரேட் கருதினால், காரணம் எழுதி அப்போதே விடுவிக்க பிஎன்எஸ்எஸ் 274-ஆம் பிரிவு இடம் தருகிறது. பழைய சட்டத்தில் இல்லாத இந்த வழியை வக்கீல்களே பலர் கேட்பதில்லை. நீங்கள் கேட்கச் சொல்லுங்கள். மறுத்தால், ஆறு பேரும் சேர்ந்து பிஎன்எஸ்எஸ் 528-ஆம் பிரிவின் கீழ் உயர் நீதிமன்ற மதுரைக் கிளையில் வழக்கை ரத்து செய்ய ஒரே மனு போடலாம். வக்கீல் வைக்க வசதி இல்லையென்றால் தாலுகா சட்டப்பணிகள் குழுவை அணுகுங்கள், தொலைபேசி எண் 15100.

போலீஸ் வேலை என்பதால் தாமதிக்காதீர்கள். அந்தப் பணி விதிகளின் 14(பி) கடுமையானது. சரிபார்ப்பு நேரத்தில் வழக்கு நிலுவையில் இருந்தாலும் தடை. சந்தேகத்தின் பலனில் விடுதலை ஆனாலும் வழக்கில் தொடர்புடையவராகவே கருதுகிறார்கள். சில்லறை வழக்குக்கும் கொலை வழக்குக்கும் ஒரே கட்டம் போட்டுப் பார்ப்பது அநியாயம்தான், ஆனால் விதி இன்று அப்படித்தான் இருக்கிறது. அதனால் சாட்சி விசாரணை வரை இழுக்காமல் முன்பே முடிக்கப் பாருங்கள். விண்ணப்பத்தில் வழக்கு உண்டா என்ற இடத்தில் "இல்லை" என்று மட்டும் எழுத வேண்டாம். வழக்கு சிறியதாக இருந்தாலும் மறைத்தது தெரிந்தால் அதற்காகவே வேலையை மறுக்கலாம். உண்மையை எழுதி, உத்தரவு நகலை இணைக்கட்டும்.

செல்போனுக்கு பிஎன்எஸ்எஸ் 497-ஆம் பிரிவில் தனி மனு. பில்லும் ஐஎம்இஐ எண்ணும் இணைத்தால் பத்திரம் எழுதி வாங்கிக்கொண்டு இடைக்காலமாகத் தருவார்கள். வழக்கு முடியும் வரை காத்திருக்க வேண்டியதில்லை.