ஆன்லைன் விளையாட்டுச் சமூகங்கள் காலப்போக்கில் ஏன் மாறுகின்றன?

பழைய ஆட்கள் போய்ப் புதியவர்கள் வருவதாலா என்று கேட்டிருக்கிறீர்கள். அது பாதிதான். விளையாட்டின் அமைப்பு மாறினாலே பழக்கவழக்கமும் மாறிவிடும்.

பலர் ஒரே கற்பனை உலகில் சேர்ந்து ஆடும் வேர்ல்ட் ஆஃப் வார்கிராஃப்ட் விளையாட்டை எடுத்துக்கொள்ளுங்கள். 2004-இல் வந்தபோது, நிலவறைக்குள் (குழுவாக அரக்கர்களை வென்று பொருள் எடுக்கும் இடம்) போக ஐந்து பேர் குழுவை நாமே கூவிக் கூவிச் சேர்க்க வேண்டும். எல்லோரும் ஒரே சர்வர், அதாவது அந்த விளையாட்டு உலகின் ஒரே பிரதியில் ஆடுபவர்கள். கிடைத்த பொருளைச் சுருட்டிக்கொண்டு ஓடியவரின் பெயர் சீக்கிரமே பரவிவிடும். அடுத்த முறை சேர்க்க யோசிப்பார்கள். 2009 டிசம்பரில், வெவ்வேறு சர்வர்க்காரர்களைத் தானாகவே கோத்துவிடும் வசதி வந்தது. அலைச்சல் குறைந்தது, சரி. ஆனால் மறுபடி பார்க்கவே போகாதவரிடம் நல்ல பெயர் எடுத்து என்ன ஆகப்போகிறது? பலர் வணக்கம்கூடச் சொல்லாமல் ஆடிவிட்டுப் போனார்கள். இதைப் பெரிய இழப்பாகவே நினைக்கிறேன்.

2019-இல் பழைய வடிவத்தையே மறுபடி வெளியிட்டார்கள். ஆனாலும் அந்தத் தொடக்கக் காலம் முழுதாகத் திரும்பவில்லை. வந்தவர்களில் பலருக்கு ரகசியங்கள் எல்லாம் முன்பே அத்துப்படி. யாரிடமும் வழி கேட்க வேண்டியிருக்கவில்லை.