சித்தப்பா வீட்டுப் பண்டிகையும் 30 நாள் கெடுவும்

கேள்வி: ஏற்காடு மலையில் ஊராட்சிச் செயலராக இருக்கிறேன். சுடுகாட்டுப் பாதை தன் காபித் தோட்டத்துக்குள் வருகிறது என்று ஒருவர் போட்ட வழக்கில், சேலம் முன்சீப் கோர்ட்டில் ஊராட்சி தோற்றுவிட்டது. தீர்ப்பு ஜூலை 14. அப்பீலில் ஜெயிக்குமா? வழக்குப் போட்டவர் என் சித்தப்பா. ஆடிப் பண்டிகைக்கு அவர் வீட்டில்தான் எல்லோரும் கூடுவோம். அது முடிந்ததும் தீர்ப்பின் நகல் கேட்டு மனு போடலாம் என்றிருக்கிறேன்.

பதில்: ஜெயிப்பது அப்புறம் இருக்கட்டும், தம்பி. நகல் மனு எதற்குப் பண்டிகைக்குக் காத்திருக்கிறது? சித்தப்பா முகம் கோணக் கூடாது என்று கோப்பை அமுக்கி வைத்திருக்கிறீர்கள். எனக்கு எழுதிய இதை உங்கள் வட்டார வளர்ச்சி அலுவலருக்கு (பி.டி.ஓ.) எழுதினீர்களா?

முன்சீப் கோர்ட் தீர்ப்பின் மீது சார்பு நீதிமன்றத்தில் அப்பீல் போட 30 நாள். நகல் தயாராகும் நாட்களைக் கழித்துக்கொள்ளலாம். ஆனால் மனு போட்ட நாளிலிருந்துதான் கழிக்க முடியும். அதுவரை நீங்கள் சும்மா இருந்த ஒவ்வொரு நாளும் ஊராட்சி தலையில். கெடு முடிந்தபின் மனு போட்டால் கழிக்க ஒன்றுமே இல்லை. கட்டணம் கேட்ட பிறகு கட்டாமல் இழுத்த நாட்களும் கழியாது. நகலின் பின்பக்கத்தில் மனு போட்டது, கட்டணம் கேட்டது, கட்டியது, தயாரானது, வாங்கியது என்று வரிசையாகத் தேதி இருக்கும். யார் தூங்கினார் என்று நீதிபதி அதிலேயே பார்த்துவிடுவார்.

இதழ் உங்கள் கைக்கு வருவதற்குள் ஆகஸ்ட் 13 தாண்டியிருந்தால், அப்பீலோடு தாமத மன்னிப்பு மனுவும் போக வேண்டும், காரணத்தைத் தேதி தேதியாகச் சொல்லும் பிரமாணப் பத்திரத்துடன். 'கோப்பு மேசை மேசையாகச் சுற்றியது' என்ற பல்லவி எடுபடாது. தபால் துறையின் 427 நாள் தாமதத்தை 2012-ல் உச்ச நீதிமன்றம் மன்னிக்கவில்லை. 663 நாள் கழித்து வந்த மத்தியப் பிரதேச அரசுக்கு 2020-ல் 25,000 ரூபாய் விதித்து, பொறுப்பான அதிகாரிகளிடமே வசூலிக்கச் சொன்னது. உங்கள் பத்திரத்தில் என்ன காரணம் எழுதுவீர்கள், சித்தப்பா என்றா?

சாட்சியத்தை மறுபடி முழுசாக எடை போடுவது இந்த முதல் அப்பீலில்தான். உயர் நீதிமன்றத்தின் இரண்டாம் அப்பீலில் முக்கியமான சட்டப் பிரச்சினை இருந்தால்தான் கேட்பார்கள். நிலத்தின் அளவை வரைபடமான புலப்படமும், கிராம நிலப் பதிவேடான 'அ' பதிவேடும் கீழ்க் கோர்ட்டில் தாக்கல் ஆனதா என்று வக்கீலிடம் கேளுங்கள். ஆகவில்லை என்றால், அப்போதே ஏன் தரவில்லை என்று தனி மனுவில் சொல்லியாக வேண்டும். அப்பீலில் பார்த்துக்கொள்ளலாம் என்பதெல்லாம் நடக்காது. அப்பீல் போட்டாலே தீர்ப்புக்குத் தடை கிடைத்துவிடாது, அதற்கும் தனி மனு. இல்லாவிட்டால் பாதையில் முள்வேலி வரும். பிணத்தை எந்த வழியாகத் தூக்கிப்போவார்கள்?

நகல் மனு இன்றைக்கே போகட்டும். கூடவே பி.டி.ஓ.வுக்கு, வாதி என் சித்தப்பா, இந்த வழக்கில் பிரமாணப் பத்திரத்தில் வேறொருவர் கையெழுத்திடட்டும் என்று ஒரு கடிதம். சித்தப்பா மேல் மரியாதை இருந்தால் அவரிடமும் நேரில் போய்ச் சொல்லுங்கள். பண்டிகைக்கு முன்பே போங்கள். அவர் இலையில் சாப்பிட்டுவிட்டு வந்து சொல்வது அசிங்கம்.