பத்தாவது முறையும் அதே கதை

அன்புள்ள ஐயா,

என் மகளுக்கு நான்கு வயது. தினமும் பத்துப் புதிய சொற்களை அட்டைகளில் எழுதிச் சொல்லிக்கொடுக்கிறேன். இரவில் கேட்டால் சரியாகச் சொல்கிறாள். இரண்டு நாள் கழித்துக் கேட்டால் விழிக்கிறாள். நினைவாற்றலில் குறையா? வீட்டில் இரண்டு மொழிகள் பேசுவது காரணமாக இருக்குமா? நானும் வேலைக்காக ஜெர்மன் படிக்கிறேன், என் கதையும் இதுதான். எந்தச் செயலி நல்லது என்று சொல்ல முடியுமா? இன்னொன்று. புதிய கதைப் புத்தகங்கள் நிறைய வாங்கிவைத்திருக்கிறேன். அவளோ ஒரே யானைக் கதையையே திரும்பத் திரும்ப வாசிக்கச் சொல்லி நேரத்தை வீணாக்குகிறாள். இந்தப் பழக்கத்தை எப்படி மாற்றுவது?

க.

அன்புள்ள க.,

நீங்கள் போகிற போக்கில் எழுதிய அந்தக் கடைசி வரிகளுக்காகத்தான் இந்தப் பதில். குழந்தைகள் ஏன் கேட்ட கதையையே கேட்கிறார்கள் என்று சில வாரங்களாகவே யோசித்துக்கொண்டிருக்கிறேன். அதை 'வீண்' என்று ஒரு தகப்பன் எழுதி வாசித்தபோது கோபம் வந்தது. அந்தக் கோபம் இந்தப் பதிலில் தெரிந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

மற்றவற்றை முதலில் முடித்துவிடுகிறேன். செயலிகளில் எது நல்லது என்பதில் எனக்கு அக்கறை இல்லை. இடைவெளி விட்டு விட்டு, மறக்கப்போகும் நேரத்தில் மறுபடி கேட்கும் எதுவும் போதும். செபாஸ்டியன் லைட்னர் என்பவர் 1972இல் எழுதிய, சொல் அட்டைகளைப் பெட்டியில் பிரித்து அடுக்கிப் படிக்கும் முறையும் அதைத்தான் செய்தது. இரண்டு மொழிகள் காரணமல்ல. இருமொழிக் குழந்தைக்கு ஒரு மொழியில் மட்டும் எண்ணினால் சொற்கள் சற்றுக் குறைவாகத் தெரியலாம், இரண்டையும் சேர்த்து எண்ணுங்கள். நினைவாற்றலில் குறையும் இல்லை. ஹெர்மன் எபிங்ஹாஸ் என்ற ஜெர்மானிய அறிஞர் பொருளற்ற அசைகளைத் தானே மனப்பாடம் செய்து, எவ்வளவு மறக்கிறது என்று அளந்து 1885இல் வெளியிட்டார். ஒரு நாள் கழித்து அதே வரிசையை மறுபடி படித்தபோது, முதலில் செலவான உழைப்பில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்குதான் அவருக்கு மிச்சமாயிற்று. நினைவைப் பற்றி ஆராய்வதையே வேலையாகக் கொண்டிருந்த அறிஞரின் நிலை இது. தொடர்பில்லாத பத்துச் சொற்களை அட்டையில் எழுதிக் கொடுத்துவிட்டு நான்கு வயதுக் குழந்தையிடம் வேறு எதை எதிர்பார்த்தீர்கள்?

இரவில் சரியாகச் சொல்கிறாளே என்பீர்கள். ஒரு சொல்லைப் பிடிப்பது வேறு, வைத்திருப்பது வேறு. 1978இல் சூசன் கேரி, எல்சா பார்ட்லெட் இருவரும் ஒரு மழலையர் பள்ளியில் செய்த சோதனை புகழ்பெற்றது. ஒரு நீலத் தட்டையும் ஒரு ஆலிவ் பச்சைத் தட்டையும் வைத்து, 'நீலத் தட்டு வேண்டாம், குரோமியம் தட்டைக் கொண்டுவா' என்று ஆசிரியர் சொன்னார். ஆலிவ் பச்சைக்குச் சோதனைக்காக வைத்த பெயர் அது, குழந்தைகள் அந்தச் சொல்லை அதற்கு முன் கேட்டதில்லை. ஆனாலும் சரியான தட்டை எடுத்துவந்தார்கள். குழந்தைகள் ஒருமுறை கேட்டாலே போதும் என்று எல்லோரும் மேற்கோள் காட்டுவது இதைத்தான். முப்பது ஆண்டு கழித்து, 2008இல், ஜெசிகா ஹார்ஸ்ட்டும் லாரிசா சாமுவல்சனும் இரண்டு வயதுக் குழந்தைகளிடம் பார்த்ததை, அப்படி மேற்கோள் காட்டுபவர்கள் சொல்வதில்லை. புதிய சொல்லுக்குரிய பொருளை அந்தக் குழந்தைகளும் சரியாகவே எடுத்தார்கள். ஐந்து நிமிடம் கழித்துக் கேட்டபோது பெரும்பாலும் நினைவில்லை. உங்கள் மகள் இரவில் சொல்வது அப்போதைக்குப் பிடித்துக்கொண்ட சொல். அது தங்குவதற்கு வேறு ஏதோ நடக்க வேண்டும்.

அந்த வேறு ஏதோவைத்தான் அவள் யானைக் கதையில் செய்துகொண்டிருக்கிறாள்.

இதே ஹார்ஸ்ட் 2011இல் மூன்று வயதுக் குழந்தைகளை வைத்து இன்னொரு ஆய்வை வெளியிட்டார். ஒரு பகுதிக் குழந்தைகளுக்கு ஒரே கதைகள் திரும்பத் திரும்ப வாசிக்கப்பட்டன. மற்றவர்களுக்கு வெவ்வேறு கதைகள். கதைகளில் வந்த புதிய சொற்கள் இரு தரப்பின் காதிலும் சம எண்ணிக்கையில்தான் விழுந்தன. ஆனால் ஒரே கதையைக் கேட்ட குழந்தைகளே அந்தச் சொற்களை நன்றாக நினைவில் வைத்திருந்தார்கள். சொல் எத்தனை முறை காதில் விழுந்தது என்பது மட்டும் கணக்கில்லை, எதன் நடுவில் விழுந்தது என்பதும் கணக்கு. முதல்முறை கேட்கும்போது அடுத்து என்ன ஆகுமோ என்பதிலேயே குழந்தையின் மனம் முழுவதும் இருக்கிறது. யானைக்கு ஒன்றும் ஆகாது என்று தெரிந்த பிறகுதான் படத்தின் மூலையில் இருப்பதைப் பார்க்கிறாள். அதற்கும் பிறகுதான், நீங்கள் வேகமாக வாசித்துத் தாண்டும் அந்த ஒரு புதிய சொல் அவளுக்குக் கேட்கிறது.

என் பெரியம்மாவுக்குத் தெரிந்தது ஒரே ஒரு கதை. கிணற்றுக்குள் நிலவைப் பார்த்துவிட்ட நரியின் கதை. அந்த நரி கிணற்றின் விளிம்பில் சுற்றிச் சுற்றி வரும். 'நரி மெல்ல மெல்ல வந்து கிணற்றின்...' என்று அவர் நிறுத்துவார். 'விளிம்பில்!' என்று நாங்கள் கத்துவோம். அந்தச் சொல்லுக்கு எங்களுக்கு யாரும் பொருள் சொன்னதில்லை. ஒருநாள் களைப்பில் 'கிணற்றுப் பக்கம் வந்தது' என்று சொல்லிவிட்டார். நாங்கள் விடவில்லை. எழுந்து உட்கார்ந்துகொண்டு, மறுபடி முதலிலிருந்து சொல்ல வைத்தோம். இன்று எந்தப் பக்கத்தில் விளிம்பு என்ற சொல்லைப் பார்த்தாலும் இருட்டும், ஈரமான கல்லும், எட்டிப் பார்க்கும் ஒரு மூக்கும் சேர்ந்தே எனக்கு வருகின்றன. பெரியம்மா போய் வெகுகாலம் ஆகிறது. படிப்பு வாசனையே இல்லாதவர். சொல்லுக்கு முன்னால் நிறுத்த வேண்டும் என்பது அவருக்கு எப்படித் தெரிந்தது என்று இப்போதும் வியக்கிறேன்.

ஏனென்றால் அந்த நிறுத்தத்தில்தான் எல்லாம் இருக்கிறது. 2008இல் கார்பிக்கி, ரோடிகர் என்ற இரு ஆய்வாளர்கள் கல்லூரி மாணவர்களுக்கு நாற்பது சுவாஹிலிச் சொற்களை ஆங்கிலப் பொருளோடு கற்பித்தார்கள். ஒரு சாரார் சரியாகச் சொன்ன பிறகும் மறுபடி மறுபடி நினைவிலிருந்து எடுத்துச் சொன்னார்கள். இன்னொரு சாரார் ஒருமுறை சரியாகச் சொன்னதும் அந்தச் சொல்லைச் சோதித்துக்கொள்வதை விட்டுவிட்டுப் படிக்க மட்டும் செய்தார்கள். ஒரு வாரம் கழித்து முதல் சாராருக்கு ஏறத்தாழ 80 சதவீதம் நினைவிருந்தது, மற்றவர்களுக்கு மூன்றில் ஒரு பங்கு. உள்ளிருந்து எடுக்க எடுக்கத்தான் சொல் தங்குகிறது. அடுத்த பக்கத்தில் என்ன சொல் வரும் என்று தெரிந்துகொண்டு, நீங்கள் வாய் திறக்கும் முன் உதட்டை அசைக்கிறாளே உங்கள் மகள், அவள் தன்னைத்தானே சோதித்துக்கொள்கிறாள். அந்தத் தேர்வில் தோல்வி இல்லை, கேட்பவர் முகம் சுளிப்பதில்லை. நீங்கள் வைப்பதும் தேர்வுதான். ஆனால் அதில் அவள் சொல்லைத் தேடுவதில்லை, உங்கள் முகத்தைப் பார்க்கிறாள். 'விழிக்கிறாள்' என்று எழுதியிருக்கிறீர்கள். உங்களைப் பார்த்துத்தானே விழிக்கிறாள்? நான்கு வயதில் ஒரு குழந்தை அப்பாவின் ஏமாற்றத்தைப் படித்துத் தெரிந்துகொள்வது என்ன படிப்பு?

அட்டைகளை எடுத்து வையுங்கள். குழந்தை எதைப் பார்த்துக்கொண்டிருக்கிறதோ அதன் பெயரைச் சொன்னால் பதிகிறது, அதன் பார்வையை நம் பக்கம் இழுத்து வேறொன்றைக் காட்டிச் சொன்னால் அந்த அளவு பதிவதில்லை. டொமசெல்லோவும் ஃபாராரும் 1986இலேயே இதைக் காட்டிவிட்டார்கள். உங்கள் அட்டை எப்போதும் இழுக்கிறது. யானைக் கதையை நீங்களாகவே எடுத்து வாசியுங்கள். அவளுக்குப் பிடித்த சொல்லின் முன்னால் சற்று நிறுத்துங்கள். சொன்னால் சேர்ந்து சொல்லுங்கள். சொல்லாவிட்டால் நீங்களே சொல்லிவிட்டு மேலே போங்கள், 'என்ன, மறந்துவிட்டதா?' என்று கேட்காதீர்கள். புதிய புத்தகங்கள் அலமாரியிலேயே இருக்கட்டும், யானை போதும் என்று அவளுக்குத் தோன்றும் நாளில் அவளே ஒன்றை எடுப்பாள்.

உங்கள் ஜெர்மனை மறந்தே போனேன். வாசிப்பில் ஒருமுறை எதிர்ப்படும் அறியாத சொல்லைப் பள்ளி மாணவர் கற்றுக்கொள்ளும் வாய்ப்பு ஏறத்தாழ இருபதில் ஒன்று என்று நாகி, ஆண்டர்சன், ஹெர்மன் மூவரும் 1987இல் கணக்கிட்டார்கள், அதுவும் தாய்மொழியில். எனவே தினம் ஒரு புதிய பாடம் என்று ஓடாதீர்கள். ஒலிப்பதிவோடு கிடைக்கும் சிறிய ஜெர்மன் கதை ஒன்றை எடுத்துக்கொண்டு, அடுத்த சொல் உங்கள் வாயில் முந்திக்கொண்டு வரும்வரை கேளுங்கள். கதை உங்களுக்கு நிஜமாகவே பிடித்திருக்க வேண்டும். பிடிக்காததை அத்தனை முறை கேட்க உங்களால் முடியாது, உங்கள் மகளாலும் முடியாது.

அன்புடன்